டிக்கெட் கடைசியில்... குழந்தையின் பாஸ்போர்ட் முதலில்!



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பிலிருந்து மாமியார் - மருமகள் அனுபவம் வரை ஒன்று விடாமல் படிப்பவள் நான். எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. 2025-ம் வருஷம் நான் பட்ட பாடு இன்னொருத்தி படக்கூடாதே என்றுதான் இப்போது எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டில் அக்காவோ, தங்கையோ, வீட்டுக்காரரோ இருந்து, குழந்தைகளோடு ஒரு தரம் போய் வரலாம் என்று நினைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அறுபதாம் கல்யாணம் என்றால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திருக்கடையூருக்குத் தேடி வருவார்கள். எங்கள் மயிலாடுதுறையிலிருந்து அது சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் என் அத்தானின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்கள் சிங்கப்பூர் போக வேண்டியதாகிவிட்டது. அத்தானுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊரை விட்டு நகர முடியாது. அங்கேயே ஒரு கோயிலில் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். தேதி, 2025 மே 11.

அக்கா சிங்கப்பூர் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. 2021 ஜூனில் எங்கள் அம்மா காலமானபோது கொரோனா கெடுபிடி. அக்காவால் வர முடியவில்லை. அம்மா முகத்தைப் போனில்தான் பார்த்தாள். அப்போது நான் நாலு மாசக் கர்ப்பம். "நீ அழாதேடி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். அதற்கப்புறம் அத்தான் உடம்பு கெட்டது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழக்கூட இல்லை. அம்மா தன் கல்யாணக் கூறைப்புடவையை என்னிடம் கொடுத்து, "இது பெரியவளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அறுபதாம் கல்யாணத்தில் அக்கா அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து போக நான் ஒருத்திதான் இருக்கிறேன். இப்படிப்பட்ட பயணம் அது.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. நானும், பத்து வயது மகளும், மூன்று வயது மகனும் மட்டும் போவதாக ஏற்பாடு.

<b>சின்னவனுக்குப் பாஸ்போர்ட்</b>

எனக்குப் பாஸ்போர்ட் இருந்தது. பெரியவளுக்கும் இருந்தது. கொரோனா கொஞ்சம் அடங்கியதும் மஸ்கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அவர் 2020 அக்டோபரில் எடுத்து வைத்தது. போகவே இல்லை. பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே பத்திரமாக இருந்தது. ஆகவே என் கவலை எல்லாம் சின்னவனைப் பற்றித்தான்.

ஜனவரியில் அவர் லீவில் வந்திருந்தபோதே விண்ணப்பித்தோம். முதல் சிக்கல் பிறப்புச் சான்றிதழ். அதில் தேதி இருக்கிறது, அப்பா, அம்மா பெயர் இருக்கிறது, குழந்தை பெயர் இல்லை! வெறும் 'ஆண்' என்றுதான் இருந்தது. பேர் வைத்த பிறகு போய்ப் பதிய வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? குழந்தை பிறந்து ஒரு வருஷத்துக்குள் போனால் காசு கிடையாது. அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். 200 ரூபாய் கட்டிப் பதிந்து வந்தேன்.

இரண்டாவது, பெயர். நம் பக்கத்தில் இனிஷியல்தானே! பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் பெயர் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையாகப் பிரிந்து இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரே வார்த்தை. நடுவில் ஒரு இடைவெளி. அதற்கு நான் நகராட்சிக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். 'குடும்பப் பெயர்' கட்டத்தையும் காலியாக விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, எத்தனையோ பேர் திண்டாடினார்கள். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, போட்டோ. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு நாம்தான் வெள்ளைப் பின்னணியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தப் பிள்ளையோ ஸ்டூடியோவில் ஒரு நிமிஷம் நிற்க மாட்டேன் என்கிறான். முதல் படத்தில் வாயைத் திறந்திருந்தான். இரண்டாவதில் என் கை தெரிந்தது. மூன்றாவது சரியாக வந்தது என்று பார்த்தால், வெள்ளைச் சட்டை வெள்ளைத் திரையோடு ஒட்டிப்போய் தலை மட்டும் மிதக்கிறது! வீட்டுக்கு ஓடி நீலச் சட்டை எடுத்து வந்தோம்.

அப்பா, அம்மா இருவரும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போடும் 'அனெக்ஸர் டி' படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். எட்டு வயதுக்குக் கீழ் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. 1,000 ரூபாய்க்குப் பதில் 900 ரூபாய். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் செல்லுபடியில் இருந்து, ஒருவர் பெயர் மற்றவர் பாஸ்போர்ட்டில் பதிவாகியும் இருந்ததால் போலீஸ் விசாரணை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்காமல் இருக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சின்னவன் பாஸ்போர்ட் வீடு வந்து சேர்ந்தது. பெரிய மலையைத் தாண்டிவிட்டதாக நினைத்தேன்.

<b>'டிக்கெட்டைப் போட்டுடுங்கம்மா!'</b>

பிப்ரவரியில் எங்கள் பக்கத்து டிராவல் ஏஜெண்டு ஒருவரிடம் போனேன். "சிங்கப்பூர் விசா எல்லாம் ரெண்டு, மூணு நாள்ல வந்துரும்மா. மே மாசம் டிக்கெட் விலை ஏறிடும். முதல்ல அதைப் போட்டுடுங்க" என்றார். மூன்று பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். திருச்சியிலிருந்து மே 9-ம் தேதிக்கு மூன்று டிக்கெட், 62,000 ரூபாய். ரத்து செய்தால் பணம் திரும்பி வராத டிக்கெட் என்பதை, பணம் கட்டிய பிறகுதான் சொன்னார். பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தவர், அதே பக்கத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் சொல்வானேன், நானும்தான் பார்க்கவில்லை!

நம்மைப் போன்ற இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்கள் சிங்கப்பூர் விசாவுக்கு இரண்டு வழியில் விண்ணப்பிக்கலாம். இங்கே அங்கீகாரம் பெற்ற விசா ஏஜெண்டு மூலம் ஒன்று. அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர் தம்முடைய 'சிங்பாஸ்' கணக்கு வழியாக விண்ணப்பிப்பது மற்றொன்று. அக்கா நிரந்தரவாசி. "காசு எதுக்குடி ஏஜெண்டுக்கு, நானே போட்டுடறேன்" என்றாள். புறப்படுவதற்கு முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்பதால் ஏப்ரல் 12-ம் தேதி ராத்திரி உட்கார்ந்தாள்.

இங்கே ஒன்பது மணி இருக்கும். அங்கே பதினொன்றரை. போன் வந்தது. எடுத்ததுமே குரல் சரியில்லை.

"ஏண்டி, பெரிய பாப்பா பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாத்தியா?"

"அதுக்கென்னக்கா, 2020-லதானே எடுத்தோம். இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே!"

"அடிப்பாவி, அது உன் பாஸ்போர்ட் மாதிரி பத்து வருஷம் இல்லடி. சின்னப் புள்ளைங்களுக்கு அஞ்சு வருஷந்தான். வர்ற அக்டோபர் 14-ஓட முடியுது. இங்க வர்ற அன்னிக்கு ஆறு மாசம் பாக்கி இருக்கணும். ஒனக்கு அஞ்சு மாசந்தான் இருக்கு!"

பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். ஐந்து வயதில் எடுத்த படம். இரண்டு பல் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே தேதி பளிச்சென்று தெரிகிறது. மாசக்கணக்கில் சின்னவனுக்காக ஓடியவள், வீட்டில் இருந்ததை ஒரு தரம் புரட்டிப் பார்க்கவில்லையே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தேழு நாள்தான் இருக்கிறது. டிக்கெட் காசு போகட்டும். கூறைப்புடவையை யார் கொண்டு போவது?

<b>இருபத்தேழு நாள்</b>

மறுபடியும் பாஸ்போர்ட் எடுக்க மறுபடியும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் அவர் மஸ்கட்டில் அல்லவா இருக்கிறார்! அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற உறுதிமொழியை அனுப்ப வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "நானும்தானே பாக்கல. விடு, நாளைக்கே பாக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு எனக்குத் தெம்பு. வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, சான்று வாங்கி, கூரியரில் அனுப்பினார். வந்து சேர்ந்தது ஏப்ரல் 21.

தட்கலில் விண்ணப்பித்தேன். வழக்கமான கட்டணத்துக்கு மேல் 2,000 ரூபாய். 24-ம் தேதி தஞ்சாவூர் சேவா கேந்திரத்தில் நாள் கிடைத்தது. விடியற்காலை பஸ், இடுப்பில் சின்னவன், கையில் பெரியவள், தோளில் ஃபைல். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், எங்கள் இருவர் பாஸ்போர்ட் நகல், அவருடைய உறுதிமொழி, என்னுடைய படிவம். கவுண்டரில் இருந்த அம்மா பழைய படத்தையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் முளைச்சிடுச்சே!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புதுப் பாஸ்போர்ட் 29-ம் தேதி தபாலில் வந்தது. அன்று ராத்திரியே அக்கா மூன்று பேருக்கும் விண்ணப்பித்தாள். தலைக்கு முப்பது வெள்ளி. பெரியவருக்கும் அதேதான், இடுப்புக் குழந்தைக்கும் அதேதான். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. போட்டோவும் மூன்று மாசத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சின்னவனை மறுபடியும் நீலச் சட்டையோடு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தேன்.

நடுவில் மே தின விடுமுறை. அடுத்து 3-ம் தேதி அங்கே பொதுத் தேர்தல், அன்றும் விடுமுறை. 5-ம் தேதி எனக்கும் சின்னவனுக்கும் விசா வந்தது. பெரியவளுக்கு வரவில்லை. அன்றைய ராத்திரி என் மனசில் ஓடியதை எழுத்தில் சொல்ல முடியாது. "அம்மா, எனக்கு வரலேன்னா நான் பெரியம்மாட்ட போன்ல பேசிக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் குழந்தை. மறுநாள் மத்தியானம் அவளுக்கும் வந்தது. அபிராமி அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

அதோடு முடிந்ததா? சிங்கப்பூர் போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் 'வருகை அட்டை' ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். நான் மொபைலில் தேடி முதலில் வந்ததைத் திறந்தேன். ஆளுக்கு இவ்வளவு என்று காசு கேட்டது. கட்டப் போன நேரம், நல்லவேளை, அக்கா போன் செய்தாள். "அது டூப்ளிகேட்டுடி! அரசாங்கத்துல இது இலவசம்" என்று திட்டி, சரியான முகவரியை அனுப்பினாள். விசா வேறு, இந்த அட்டை வேறு. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மே 9. திருச்சி விமான நிலையம். டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண் கொடுத்திருந்ததை முன்னாடியே மாற்றியிருந்தேன். குடியேற்ற அதிகாரி, "குழந்தைங்க அப்பா வரலையா?" என்று கேட்டார். அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழ்களையும் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்லா ஊரிலும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டால் கையில் இருக்க வேண்டும். பெரியவள் பையில் சுவிங்கம் பாக்கெட் இருந்ததை வாசலிலேயே எடுத்துக் குப்பையில் போட்டோம். 1992-லிருந்து அங்கே அதைக் கொண்டு போகக் கூடாது.

<b>பாட்டியின் மடியில்...</b>

விமானத்தில் குழந்தைகள் தூங்கியதும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் பாட்டி நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அவருடைய பாஸ்போர்ட்டை அம்மா வைத்திருந்தார். ஒரே புகைப்படம்; பாட்டி மடியில் கைக்குழந்தையாக அம்மா. குழந்தை பெயரைத் தாயின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்து எழுதிவிடுவார்கள். தாய் போகிற இடத்துக்குப் பிள்ளையும் போகும்.

இன்றைக்கு அப்படி இல்லை. ஆளுக்கொரு பாஸ்போர்ட், ஆளுக்கொரு விசா. பால் குடிக்கிற குழந்தையும் அரசாங்கத்தின் கணக்கில் முழுசாக ஒரு ஆள். நாம்தான் இன்னமும் 'கூட வர்ற குட்டி' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் செய்த தப்பு அதுதான்.

சாங்கி விமான நிலையத்தில் அக்கா நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்ன பேசினோம் என்றே ஞாபகம் இல்லை. நாலு வருஷத்து அழுகையை அங்கேயே அழுதோம். சின்னவன் பயந்துபோய் அவனும் அழ ஆரம்பித்துவிட்டான். அவனைத் தூக்கி, "அம்மா சாடைடி இவன்" என்றாள் அக்கா. 11-ம் தேதி, அம்மாவின் கூறைப்புடவையில், அத்தான் பக்கத்தில் அவள் மாலையோடு உட்கார்ந்திருந்தபோது, நான் கொண்டு போயிருந்த திருக்கடையூர்க் குங்குமத்தை வைத்துவிட்டேன்.

<b>தோழிகளுக்குச் சில குறிப்புகள்</b>

1. இன்றைக்கே வீட்டில் உள்ள பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஐந்து வருஷம் அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். 15 வயது ஆகிவிட்டால் பத்து வருஷத்துக்கும் கேட்டு வாங்கலாம். தேதிக்கு ஆறு மாசம் முன்னாலேயே அது முடிந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை முதல் வருஷத்திலேயே பதிந்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, பாஸ்போர்ட் எடுக்க வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும்.

3. அப்பா, அம்மா, குழந்தை பெயர்கள் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்களில், ஒரே இடைவெளியோடு இருக்கட்டும்.

4. கணவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் லீவில் வரும்போதே குழந்தைகளின் பாஸ்போர்ட் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

5. குழந்தைகளுக்கான விதி நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை கேட்பதில்லை. அமெரிக்க விசாவுக்கோ, 14 வயதுக்குக் கீழே இருந்த நேர்காணல் சலுகையைப் பொதுவாக 2025 செப்டம்பர் 2 முதல் எடுத்துவிட்டார்கள். மலேசியா 2026 டிசம்பர் 31 வரை நமக்கு விசா வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், அங்கேயும் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டார் போய் வந்த கதையை நம்பாமல், அந்தந்த நாட்டு அரசின் தளத்தைப் பாருங்கள்.

6. விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவது அங்குள்ள அதிகாரியின் முடிவுதான். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் முகவரி, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பாஸ்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட். 'விலை ஏறிடும்' என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். அவசரப்பட்டுப் போட்டால், தேதி மாற்றவும் ரத்து செய்யவும் முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

பெரியவளின் புதுப் பாஸ்போர்ட் 2030 ஏப்ரலில் முடிகிறது. சமையலறை நாட்காட்டிக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். '2029 அக்டோபர் - பாப்பா பாஸ்போர்ட்!' கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கு மேலே. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்!

- ஒரு வாசகி, மயிலாடுதுறை